எந்த மூட்டு எந்தப் பக்கம் அசையும்? பராமரிப்புப் பணிக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

தாதிமைப் படிப்பில் அடியெடுத்து வைத்திருக்கும் மாணவர்களும், முதியோர் நிலையங்களில் உடற்பயிற்சி வகுப்புகளுக்கு உதவும் தொண்டூழியர்களும், வீட்டிலேயே தாத்தா பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அண்மையில் ஏற்றவர்களும் மூட்டுகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டியது ஏறத்தாழ ஒரே அளவுதான். சிங்கப்பூரில் இந்தப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் பெரியம்மா, “கை பின்னால போகமாட்டேங்குதும்மா, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியல” என்று தமிழில்தான் சொல்வார். அவர் சொல்வது எந்த மூட்டின் எந்த அசைவைப் பற்றியது என்று கண்டுகொள்ளும் அளவுக்குப் புதியவர் ஒருவரைத் தயார்செய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பாடநூல்கள் மூட்டு வகைகளை அட்டவணையாகத் தருகின்றன. அட்டவணையை மனப்பாடம் செய்தவர் தேர்வை எழுதிவிடுவார். ஆனால் ஒருவரின் கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டிய நேரத்தில் அந்த அட்டவணை நினைவுக்கு வருவதில்லை. ஒரு மூட்டு எந்தப் பக்கம் அசைய மறுக்கிறது, அதைத் தடுத்து நிறுத்துவது எலும்பா, நாரா, தசையா என்று கேட்டுக் கேட்டுப் படிப்பதுதான் பயன் தரும் என்பது என் கருத்து. ஆகவே கீழே வரும் படிகளை, உறுதியான நாற்காலி ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, உங்கள் உடலிலேயே செய்துபார்த்தபடி வாசியுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அண்மையில் எலும்பு முறிந்தவர்களும் செய்துபார்க்க வேண்டாம். அவர்களுக்கு வாசிப்பே போதும்.

முதற்படி: நிற்கும் நிலையும் பார்க்கும் இடமும்

நிமிர்ந்து நின்று, பாதங்களை முன்னோக்கி வைத்து, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகள் இரண்டும் முன்னால் தெரியும்படி திருப்பிக்கொள்ளுங்கள். உடற்கூற்றியலில் எல்லா அசைவுகளுக்கும் இந்த நிலையை வைத்தே பெயர் சூட்டப்படுகிறது. உள்ளங்கையை முன்னால் திருப்பிக்கொண்டு நிற்பது யாருக்கும் இயல்பாக வருவதில்லை என்றாலும், அப்படி நிற்கும்போதுதான் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடாமல் இணையாக இருக்கின்றன. நீங்கள் கவனித்துக்கொள்பவர் படுக்கையில் இருந்தாலும், சக்கர நாற்காலியில் சாய்ந்திருந்தாலும், அவர் எழுந்து இப்படி நிற்பதாக எண்ணிக்கொண்டுதான் அசைவுக்குப் பெயர் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பார்ப்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பது. கை முன்னும் பின்னுமாகச் செல்வதை அவருடைய பக்கவாட்டில் நின்றால்தான் சரியாகப் பார்க்க முடியும். கை உடலைவிட்டு விலகி மேலே போவதை எதிரில் நின்று பார்க்க வேண்டும். தலையோ தொடையோ தன்னிடத்திலேயே திரும்புவது மேலிருந்து பார்ப்பவருக்கே முழுமையாகத் தெரியும். இந்த மூன்று பார்வைகளும் நூல்களில் மூன்று தளங்களாகக் குறிக்கப்படுகின்றன. ஒரே தளத்தில் மட்டும் அசையும் மூட்டுக்கு ஓர் அச்சு, இரண்டு தளங்களில் அசைவதற்கு இரண்டு அச்சு, மூன்றிலும் அசைவதற்கு மூன்று அச்சு என்று கணக்கு வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இரண்டாம் படி: அசைவுகளை இணை இணையாகக் கற்றல்

வகுப்பில் ஃபிளெக்‌ஷன் என்று சொல்லப்படுவது மடக்கல். எக்ஸ்டென்ஷன் என்பது நீட்டல். முழங்கையை மடக்கி நீட்டும்போது இதில் ஐயமே எழாது. தோளிலும் இடுப்பிலும்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள்: கையை முன்பக்கமாகத் தூக்குவது தோளின் மடக்கல், பின்பக்கமாகக் கொண்டுபோவது நீட்டல், தொடையை முன்னால் உயர்த்துவது இடுப்பு மூட்டின் மடக்கல், பின்னால் கொண்டுபோவது நீட்டல்.

உடலின் நடுக்கோட்டைவிட்டுக் கை கால்களை அப்பால் கொண்டுபோவது விலக்கல், மீண்டும் நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுவருவது சேர்த்தல். ஆங்கிலத்தில் இவை அப்டக்‌ஷன், அடக்‌ஷன் என்று ஒலியில் மிக நெருக்கமாக இருப்பதால், அறிக்கை கொடுக்கும்போது இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடும் மாணவர்கள் பலர். ஐயம் இருந்தால் கையால் செய்து காட்டிவிடுவது பாதுகாப்பானது. விரல்களுக்கு மட்டும் நடுக்கோடு வேறு: கையின் நடுவிரலை வைத்தே விரல்களின் விலக்கலும் சேர்த்தலும் கணக்கிடப்படுகின்றன.

ஓர் எலும்பு தன் நீளவாக்கு அச்சிலேயே திரும்புவது சுழற்றல். முன்புறம் உள்நோக்கித் திரும்பினால் உட்சுழற்றல், வெளிநோக்கித் திரும்பினால் வெளிச்சுழற்றல். மடக்கல், விலக்கல், நீட்டல், சேர்த்தல் ஆகிய நான்கும் தொடர்ச்சியாக வந்து கை காற்றில் வட்டம் போடுவதற்கு வட்டமிடல் என்று பெயர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்புப் பேட்டைகளின் உடற்பயிற்சி மூலைகளில், காலை நேரத்தில் பெரியவர்கள் இரண்டு கைகளாலும் பிடித்துச் சுற்றும் பெரிய சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கே தோள்கள் செய்வது இதைத்தான். முன்கைக்குக் கவிழ்த்தல், மலர்த்தல், பாதத்துக்கு உட்திருப்பல், வெளித்திருப்பல் என்று சில தனிப்பெயர்கள் உண்டு; அவற்றை அந்தந்த மூட்டு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: மூன்று பெரும் பிரிவுகள்

எலும்புகளை நார்த்திசு நேரடியாகப் பிணைத்திருந்தால் அது நார் மூட்டு. மண்டையோட்டுத் தையல்கள் இந்த வகை. பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி தொட்டால் மெத்தென்று இருப்பதற்குக் காரணம், அங்கே எலும்புகள் இன்னும் நெருங்கிச் சேராமல் சவ்வு மட்டும் இருப்பதே. பெரும்பாலான குழந்தைகளுக்கு முன் உச்சிக்குழி ஒன்றரை வயதையொட்டி மூடிவிடுகிறது. தாடையெலும்பில் பல் பதிந்திருக்கும் இடமும் நார் மூட்டுதான்.

குருத்தெலும்பு இடையில் நின்று இணைத்தால் அது குருத்தெலும்பு மூட்டு. முதுகெலும்புகளுக்கு இடையே வட்டுகள் உள்ள இணைப்பும், இடுப்புக் கூட்டின் முன்பக்கத்தில் இரண்டு எலும்புகள் சேரும் இடமும் இதற்கு எடுத்துக்காட்டுகள். தனித்தனியாகப் பார்த்தால் இவை சிறிதளவே அசைகின்றன. ஆனால் முதுகெலும்புத் தொடரில் 23 வட்டுகள் இருப்பதால் சிறிய அசைவுகள் கூடிப் பெரிய வளைவாகின்றன. நாள் முழுவதும் நின்றும் உட்கார்ந்தும் இருக்கையில் வட்டுகள் நீரை இழந்து சற்றே மெலிவதால், காலையில் இருந்ததைவிட மாலையில் நம் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறது.

மூன்றாவது பிரிவான உயவு மூட்டுதான் பராமரிப்புப் பணியில் நாம் அன்றாடம் கையாள்வது.

நான்காம் படி: உயவு மூட்டின் உள்ளே இருப்பவை

எலும்பின் முனைகள் வழுவழுப்பான குருத்தெலும்பால் போர்த்தப்பட்டிருக்கும். மூட்டைச் சுற்றிலும் உறுதியான உறை ஒன்று இருக்கும். அதன் உட்பக்கத்துச் சவ்வு, முட்டையின் வெள்ளைக்கருவைப் போல வழவழப்பான நீர்மத்தைச் சுரக்கும். ஆரோக்கியமான முழங்காலில்கூட இந்த நீர்மம் சில மில்லிலிட்டர் மட்டுமே இருக்கும் என்பதால், முட்டி உப்பிக் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு நீர் கோத்திருந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. உறைக்கு வலுவூட்டி எலும்பை எலும்போடு பிணைப்பது லிகமென்ட் எனப்படும் இணைப்புநார். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஏனெனில் இணைப்புநார் அசைவுக்கு எல்லை வகுக்கிறது, தசைநாண் அசைவை உண்டாக்குகிறது.

மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஊட்டத்தை அது அந்த நீர்மத்திலிருந்துதான் பெறுகிறது. மூட்டு அசைந்து அழுத்தம் ஏறி இறங்கும்போதே நீர்மம் குருத்தெலும்புக்குள் சென்று வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் தாதியர் நாள்தோறும் கை கால்களை மடக்கி நீட்டிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விரலைச் சொடுக்கெடுத்தால் மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் அதட்டுவது வழக்கம். 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சொடுக்கெடுக்கும் விரல்களை எம்ஆர்ஐ கருவியில் படமெடுத்து, ஓசை எழும் கணத்தில் மூட்டு நீர்மத்தில் வாயு நிரம்பிய குழி ஒன்று தோன்றுவதைக் காட்டினார்கள். அதற்கு முன்பே டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அரை நூற்றாண்டாகத் தம் ஒரு கை விரல்களை மட்டும் சொடுக்கெடுத்துவந்து, இரண்டு கைகளுக்கும் மூட்டழற்சியில் வேறுபாடு இல்லை என்று 1998இல் எழுதினார். சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2009இல் அவருக்குக் கிடைத்தது. ஒரே மனிதரின் சோதனையை வைத்து முடிவு கட்டிவிட முடியாதுதான். ஆயினும் பாட்டியின் அதட்டலுக்குப் பதில் சொல்ல இது போதும்.

ஐந்தாம் படி: தலையிலிருந்து பாதம்வரை

உயவு மூட்டுகள் ஆறு வகைப்படும்: பந்து கிண்ண மூட்டு, கீல் மூட்டு, முளை மூட்டு, நீள்வட்ட மூட்டு, சேண மூட்டு, வழுக்கு மூட்டு. இவற்றை வகை வகையாகக் கற்பதைவிட, உடலில் மேலிருந்து கீழாக வரிசையாகக் கற்பது எளிது, ஏனெனில் பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதும் நாம் அந்த வரிசையில்தான் செல்கிறோம்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெல்லத் திறந்து பாருங்கள். தாடை முதலில் கீல்போலத் திரும்பி, பிறகு முன்னோக்கி வழுக்கிச் செல்வது விரலுக்குத் தெரியும். ஒரே மூட்டில் இரண்டு வகை அசைவு.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். ‘ஆமாம்’ என்று தலையை மேலும் கீழும் ஆட்டுவது பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் இடையே நிகழ்கிறது. ‘இல்லை’ என்று இட வலமாகத் திருப்பும்போது, இரண்டாம் முள்ளெலும்பிலிருந்து மேலெழும் முளையைச் சுற்றி முதல் முள்ளெலும்பு திரும்புகிறது. கழுத்தின் மொத்தச் சுழற்சியில் ஏறத்தாழ பாதி இந்த ஒரு முளை மூட்டில் கிடைக்கிறது. நம்மவர்கள் சம்மதம் தெரிவிக்கத் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறோமே, அதில் கழுத்தின் கீழ்ப்பகுதி முள்ளெலும்புகளும் பங்கு பெறுகின்றன. (வார்டில் உடன் வேலை செய்யும் சீனத் தோழிக்கு அது ஆமாமா இல்லையா என்று புரியாமல் போவது உடற்கூற்றியலின் குற்றம் அல்ல.)

கழுத்துக்குக் கீழே முதுகில் வழுக்கு மூட்டுகள் வரிசையாக உள்ளன. நெஞ்சுப் பகுதியில் விலாவெலும்புகள் மடக்கலைக் கட்டுப்படுத்தினாலும் சுழற்சிக்கு ஓரளவு இடமுண்டு. இடுப்புக்கு மேலுள்ள ஐந்து முள்ளெலும்புகளில் நிலைமை தலைகீழ்: குனிந்து நிமிர நன்றாக இடம் தரும் அவை, மூட்டுப் பரப்புகள் அமைந்திருக்கும் திசையின் காரணமாகச் சுழல மிகக் குறைவாகவே இடம் தருகின்றன. நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பை முறுக்காமல் பாதத்தை எடுத்துவைத்துத் திரும்புங்கள் என்று பயிற்றுநர்கள் ஓயாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தோளில் சற்று நேரம் செலவிடுவோம். மேற்கையெலும்பின் உருண்டைத் தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற சிறு கிண்ணத்தில் பொருந்தியிருக்கிறது. கிண்ணம் ஆழமில்லாததால்தான் உடலிலேயே மிக அதிக அசைவு இங்கே கிடைக்கிறது. அதே காரணத்தால்தான் பெரிய மூட்டுகளில் மிக அதிகமாக நழுவுவதும் இதுவே. எலும்பு செய்யத் தவறிய காவலை, மூட்டைச் சூழ்ந்திருக்கும் நான்கு தசைகளின் நாண்கள் செய்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்று மருத்துவர்கள் சொல்வது இவற்றைத்தான். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவருக்கு இந்தக் காவல் தளர்ந்துவிடுவதால், அந்தக் கையைப் பிடித்து இழுத்து அவரை எழுப்பவே கூடாது.

இப்போது ஒரு சோதனை. கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையை உட்சுழற்றி, அப்படியே பக்கவாட்டில் தூக்குங்கள். ஏறத்தாழத் தோள்மட்டத்திலேயே கை தடுமாறும். உள்ளங்கை மேலே பார்க்கும்படி வெளிச்சுழற்றிவிட்டுத் தூக்கினால் கை காதுவரை போய்விடும். உட்சுழன்ற நிலையில் மேற்கையெலும்பின் புடைப்பு மேலேயுள்ள எலும்பு விளிம்பில் முட்டுகிறது. வெளிச்சுழற்சி அந்தப் புடைப்பை வழியிலிருந்து விலக்குகிறது. பயிற்சி வகுப்பில் “கையைப் பக்கவாட்டில் தூக்குங்க” என்று மட்டும் சொல்லாமல், “உள்ளங்கையை மேல பார்க்க வச்சுத் தூக்குங்க” என்று சொல்வதால் முனகல்கள் வெகுவாகக் குறையும்.

கை முழுமையாக 180 பாகை உயரும்போது அதில் ஏறத்தாழ 120 பாகை பந்து கிண்ண மூட்டிலிருந்தும், 60 பாகை தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின்மீது வழுக்கித் திரும்புவதிலிருந்தும் வருகிறது. நண்பர் ஒருவரின் தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் விரலை வைத்துக்கொண்டு அவரைக் கையை உயர்த்தச் சொன்னால், அந்த முனை வெளிப்பக்கமாக நகர்ந்து செல்வதை உணரலாம். பந்து கிண்ண மூட்டு இறுகிப்போனவர் தோள்பட்டையை முன்கூட்டியே உயர்த்தி அந்தக் குறையை ஈடுசெய்வார். எம்ஆர்டி ரயிலில் மேலே தொங்கும் கைப்பிடியைப் பிடிக்கும்போது தோளைக் காதுவரை தூக்கிக்கொள்பவர்களைக் கவனித்தால் இது புலப்படும்.

அன்றாடச் செயல்களையும் அசைவுகளாகப் பிரித்துப் பழகுங்கள். தலை வாருவதற்கு விலக்கலும் வெளிச்சுழற்றலும் தேவை. ரவிக்கையின் பின்கொக்கியை மாட்டுவதற்கு நீட்டலும் சேர்த்தலும் உட்சுழற்றலும் தேவை. தொடக்கத்தில் நாம் கண்ட பெரியம்மாவின் குறையில் இப்போது எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறதல்லவா?

முழங்கையில் மூன்று எலும்புகள் ஒரே உறைக்குள் சந்திக்கின்றன. மேற்கையெலும்பும் முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பும் சேர்வது கீல் மூட்டு; அது மடங்கும், நீளும், வேறெதுவும் செய்யாது. நேராக நீட்டியபின் அதற்கு மேல் போகாதபடி எலும்பே எலும்பில் போய்ப் பொருந்தி நின்றுவிடுகிறது. கட்டைவிரல் பக்க எலும்பின் தலையோ, வளையம் போன்ற இணைப்புநாருக்குள் உருள்கிறது. இது முளை மூட்டு. உள்ளங்கையைத் தரை நோக்கித் திருப்பும் கவிழ்த்தலும், வானம் நோக்கித் திருப்பும் மலர்த்தலும் இதனால்தான் இயலுகின்றன. கடையில் தே தாரிக் ஆற்றுபவர் குவளையைச் சாய்க்கும்போது முன்கையில் நிகழ்வது கவிழ்த்தல். இந்த அசைவைச் சோதிக்கும்போது முழங்கையை 90 பாகை மடக்கி இடுப்போடு ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். கையை நேராக நீட்டிக்கொண்டு திருப்பினால் தோளும் சேர்ந்து சுழன்று உங்களை ஏமாற்றிவிடும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்த வளைய நார் இன்னும் தளர்வாக இருக்கும். மின்படிக்கட்டில் ஏறத் தயங்கும் பேரப்பிள்ளையை ஒரு கையைப் பிடித்து வெடுக்கென்று தூக்கினால் எலும்பின் தலை வளையத்திலிருந்து நழுவிவிடக்கூடும். அக்குளில் இரு கைகளையும் கொடுத்துத் தூக்குவதே சரி.

மணிக்கட்டு நீள்வட்ட மூட்டு. மேலும் கீழும், இட வலமாகவும் அசையும், தானாகச் சுழலாது. முன்கையை மறுகையால் இறுகப் பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சுழற்ற முயன்றால், இதுவரை மணிக்கட்டின் சுழற்சி என்று நினைத்திருந்தது முன்கையின் வேலை என்பது விளங்கும்.

விரல்களின் அடியில் உள்ள கணுக்களும் இரண்டு அச்சுள்ளவையே. விரல்களை நீட்டிவைத்து அகலமாக விரியுங்கள்; எளிதாக விரியும். அடிக்கணுக்களை 90 பாகை மடக்கிக்கொண்டு விரிக்க முயன்றால் விரல்கள் ஒட்டிக்கொண்டதுபோல் நிற்கும். நீட்டிய நிலையில் தளர்ந்திருக்கும் பக்கவாட்டு இணைப்புநார்கள் மடக்கியதும் இழுபட்டு இறுகிவிடுவதே காரணம். அடிபட்ட கைக்கு மட்டை வைத்துக் கட்டும்போது, அந்த நார்கள் நீண்ட நிலையிலேயே இருந்து பின்னர் சுருங்கிப்போகாமலிருக்க, இந்தக் கணுக்களைப் பெரும்பாலும் மடக்கி வைத்தே கட்டுவார்கள். விரலின் மற்றக் கணுக்கள் வெறும் கீல் மூட்டுகள்.

கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டோடு சேரும் இடத்தில்தான் சேண மூட்டு இருக்கிறது. கட்டைவிரல் மற்ற விரல்களின் நுனியை எதிர்கொண்டு தொடுவது இதனால்தான் முடிகிறது. சோற்றைப் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும் நம் பழக்கம் முழுவதும் இந்த மூட்டை நம்பியே நடக்கிறது. வயதான பெண்களுக்கு இங்கே தேய்மானம் அடிக்கடி வருகிறது. ஊறுகாய்ப் புட்டியின் மூடியைத் திறக்க முடியவில்லை என்று ஒருவர் சொன்னால், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்; பெரும்பாலும் கட்டைவிரலின் அடிப்பகுதியைக் காட்டுவார்.

இடுப்பு மூட்டும் பந்து கிண்ண வகையே. ஆனால் கிண்ணம் ஆழமானது, நார்கள் தடித்தவை. தோளில் கிடைக்கும் தாராளம் இங்கே கிடையாது, அதற்குப் பதிலாக உடலின் பாரத்தைச் சுமக்கும் உறுதி கிடைக்கிறது. முழங்காலை மடக்கிக்கொண்டு தொடையை ஏறத்தாழ 120 பாகைவரை முன்னால் கொண்டுவரலாம். பின்னால் 20 பாகை போனாலே முன்பக்க நார் இழுத்து நிறுத்திவிடும். கோயிலில் சம்மணமிட்டு அமரும்போது இடுப்பில் மடக்கல், விலக்கல், வெளிச்சுழற்றல் ஆகிய மூன்றும் ஒருசேர நிகழ்கின்றன. ஆகவே “தரையில உட்கார முடியல, முட்டி வலிக்குது” என்பவரின் முட்டியை மட்டும் பார்க்காமல் இடுப்பையும் சோதிக்க வேண்டும்.

முழங்காலைக் கீல் மூட்டு என்று சொல்லி முடித்துவிடுவது பாதி உண்மை. நாற்காலியில் அமர்ந்து, முழங்கால் மடங்கிய நிலையில், குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தை உள்ளும் வெளியுமாகத் திருப்புங்கள். தொடை அசையாமலே கீழ்க்கால் சற்றுச் சுழல்வது தெரியும். காலை நேராக நீட்டிக்கொண்டு அதையே செய்தால் முழங்காலில் சுழற்சி இருக்காது, இடுப்பே திரும்பும். நீட்டலின் கடைசிச் சில பாகைகளில் கீழ்க்காலெலும்பு சற்று வெளிப்பக்கம் திரும்பி மூட்டைப் பூட்டிவிடுகிறது. அதனால்தான் அதிகத் தசை முயற்சி இல்லாமல் நெடுநேரம் நிற்க முடிகிறது.

பரதம் பயிலும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அரைமண்டியில் பாதங்கள் வெளியே திரும்பி நிற்பது இடுப்பின் வெளிச்சுழற்சியிலிருந்து வர வேண்டும். இடுப்பு அவ்வளவு திரும்பாத குழந்தை பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால், மடங்கிய நிலையில் சுழற்சிக்கு இடம் தரும் முழங்கால் அந்த முறுக்கைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. முட்டிச் சில்லு பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே நிற்கிறதா என்று எதிரில் நின்று பார்த்தால் தவறு தெரிந்துவிடும்.

கணுக்காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூட்டுகள் வேலை செய்கின்றன. மேலுள்ள கீல் மூட்டு பாதத்தை மேலே ஏறத்தாழ 20 பாகையும் கீழே 50 பாகையும் மடக்குகிறது. அதற்குக் கீழுள்ள மூட்டு உள்ளங்காலை உட்பக்கமும் வெளிப்பக்கமும் திருப்புகிறது. வீவக பேட்டைகளில் உள்ள கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பாதம் சாய்ந்து சரிசெய்துகொள்வது இந்தக் கீழ் மூட்டில்தான். கணுக்காலெலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுங்கியும் இருப்பதால், குதிகால் உயர்ந்திருக்கும்போது அதன் ஒடுங்கிய பகுதியே மேலெலும்புகளின் பிடியில் இருக்கிறது, மூட்டு தளர்கிறது. உயர்ந்த குதிகால் செருப்போடு ஈரத்தரையில் இறங்குபவரின் பாதம் உட்பக்கம் மடிந்து வெளிப்பக்க நார் சுளுக்கிக்கொள்வதற்கு இந்த அமைப்பும் துணைபோகிறது.

ஆறாம் படி: தடுப்பது எது என்று உணர்தல்

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கித் தொடையை வயிற்றை நோக்கிக் கொண்டுவாருங்கள். பிறகு அதே காலை முழங்கால் மடங்காமல் நேராகத் தூக்குங்கள். இரண்டாம் முறை பலருக்கும் 80, 90 பாகையிலேயே தொடையின் பின்புறம் இழுத்துக்கொள்ளும். இடுப்பு மூட்டு மாறவில்லை. இடுப்பையும் முழங்காலையும் ஒருசேரக் கடந்து செல்லும் பின்தொடைத் தசைகள் இரண்டு பக்கமும் இழுபட்டதால் நீளம் போதாமல் போயிற்று. ஆகவே ஒரு மூட்டை அளக்கும்போது அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும்.

அசைவின் முடிவில் கைக்கு என்ன தெரிகிறது என்பதைப் பழகிக்கொள்ளுங்கள். முழங்கையை நீட்டும்போது கடினமாக முட்டி நின்றால் எலும்பு. இடுப்பைப் பின்னால் நீட்டும்போது விறைப்பாக இழுத்து நின்றால் நார். முழங்கையை மடக்கும்போது மெத்தென்று நின்றால் சதையோடு சதை சேர்ந்திருக்கிறது. மெத்தென்று நிற்க வேண்டிய இடத்தில் கடினமாக நின்றாலோ, எதிலும் முட்டுவதற்கு முன்பே அவர் வலியால் நிறுத்தச் சொன்னாலோ அங்கே ஏதோ சரியில்லை.

ஏழாம் படி: மற்றவரின் மூட்டைச் சோதித்தல்

முதலில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லி, அவர் சம்மதித்தபின் தொடங்குங்கள். வலியில்லாத பக்கத்தை முதலில் செய்தால் அவருக்கு இயல்பான அளவு எது என்று உங்களுக்குத் தெரியும். நூலில் உள்ள அளவைவிட அவருடைய மறுபக்கமே நல்ல அளவுகோல். அவர் தாமாக எவ்வளவு அசைக்கிறார் என்று பார்த்தபின், மூட்டுக்கு மேலும் கீழும் தாங்கிப் பிடித்து, அவர் தசையைத் தளர்த்தியிருக்க, நீங்கள் மெல்ல அசைத்துப் பாருங்கள். தாமாகக் கையைத் தூக்க இயலாதவருக்கு நீங்கள் தூக்கும்போது எளிதாக உயர்ந்தால் தசையிலோ நாணிலோ நரம்பிலோ குறை இருக்கலாம். யார் தூக்கினாலும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் மூட்டே இறுகியிருக்கலாம். உறைந்த தோள் எனப்படும் நிலையில் இப்படித்தான், குறிப்பாக வெளிச்சுழற்றலில், இறுக்கம் தெரியும். நோய் இன்னது என்று முடிவு செய்வது மருத்துவரின் வேலை. வேறுபாட்டைக் கவனித்துத் தெரிவிப்பது நம் வேலை.

எந்த நிலையிலும் வலியைத் தாண்டித் தள்ளக் கூடாது. இடுப்பு மாற்று அறுவை சிகிச்சை பின்பக்கமாகச் செய்யப்பட்டிருந்தால், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது, காலை நடுக்கோட்டைக் கடந்து குறுக்கே போடுவது, உட்சுழற்றுவது ஆகிய மூன்றும் குறிப்பிட்ட காலத்துக்குத் தவிர்க்கும்படி பொதுவாக அறிவுறுத்தப்படுகிறது. தாழ்வான சோபாவில் அவரை உட்காரவைக்குமுன் இயன்முறைச் சிகிச்சையாளர் கொடுத்த குறிப்பை எடுத்துப் பாருங்கள். மூட்டு திடீரென்று வீங்கிச் சிவந்து சூடாகி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அதே நாளில் மருத்துவரிடம் காட்ட வேண்டும், பலதுறை மருந்தகத்தில் முன்பதிவு கிடைக்கும்வரை காத்திருக்கலாகாது. விழுந்தபின் ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கக்கூடும் என்பதால், அவரை நகர்த்தாமல் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995 எண்ணை அழையுங்கள்.

எட்டாம் படி: எழுதிவைத்தல்

பக்கம், மூட்டு, அசைவு, தாமாக எவ்வளவு, உதவியோடு எவ்வளவு, எங்கே வலி என்ற வரிசையை மாற்றாமல் ஒரே மாதிரி எழுதுங்கள்: “வலத் தோள், விலக்கல், தாமாக 90 பாகை, உதவியோடு 150 பாகை, 80 முதல் 110 பாகைக்குள் வலி.” கோணமானி இல்லாதவர்கள் பாகைக்குப் பதிலாக உடலடையாளங்களை எழுதலாம். கை பின்முதுகில் எதுவரை ஏறுகிறது என்பதற்குப் பிட்டம், இடுப்புப் பட்டை, தோள்பட்டையின் கீழ்முனை என்று மூன்று அடையாளங்களைக் குறித்துவைத்தால், அடுத்த வாரம் வேறொரு தொண்டூழியர் வந்தாலும் முன்னேற்றமா பின்னடைவா என்று சொல்லிவிடுவார். எந்த நேரத்தில் சோதித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனெனில் மூட்டழற்சி உள்ளவர்களுக்குக் காலையில் விறைப்பு அதிகமாகவும் வெயில் ஏறியபின் குறைவாகவும் இருப்பதுண்டு. இரண்டு வேறு நேரங்களில் எடுத்த அளவுகளை ஒப்பிடுவது பொருந்தாது.